எண்பது வயதும் கணைய அறுவையும்: எண்கள் சொல்வது என்ன?

நூற்றுக்கு நான்கு என்பது பெரிய எண்ணா, சிறிய எண்ணா?

கணக்குத் தேர்வில் நூற்றுக்கு நான்கு மதிப்பெண் மட்டுமே இழந்தீர்கள் என்றால் வீட்டில் பாயசம் வைப்பார்கள். ஆனால், நூறு பேர் ஏறும் ஒரு பேருந்தில் நான்கு பேர் ஊர் போய்ச் சேரமாட்டார்கள் என்று சொன்னால் அதில் ஏறுவீர்களா? மாட்டீர்கள். சரி, நீங்கள் நிற்கும் இடத்தில் வெள்ளம் ஏறிக்கொண்டே வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது உங்கள் விடை மாறுகிறது அல்லவா? எண் மாறவில்லை. அதை எதனோடு ஒப்பிடுகிறோம் என்பதுதான் மாறியிருக்கிறது.

கணையத்தில் புற்றுநோய் கண்ட ஒரு முதியவரின் குடும்பம் ஏறக்குறைய இதே கேள்வியின் முன்னால்தான் நிற்கிறது. "வயது எண்பது ஆகிவிட்டது, இனிமேல் எதற்குக் கத்தி?" என்பார் ஒருவர். "எப்படியாவது காப்பாற்றிவிடுங்கள்" என்பார் இன்னொருவர். இருவர் பேச்சிலும் அன்பு இருக்கிறது, அளவு இல்லை. இயற்பியல் கற்பிக்கும் எனக்கு இங்கே என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கத்தி பிடிப்பது மருத்துவரின் வேலைதான். ஆனால் ஓர் அளவீட்டைக் கையில் வாங்கி, அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பார்ப்பது அறிவியல் படிக்கும் நம் எல்லோருடைய வேலையும் ஆகும்.

மறைந்து கிடக்கும் உறுப்பு

கணையம் இரைப்பைக்குப் பின்புறம், முதுகெலும்பின் முன்னால் குறுக்காகக் கிடக்கும் ஓர் உறுப்பு. நீளம் சுமார் 15 செ.மீ.; எடை 100 கிராமுக்குள். அதன் தலைப்பகுதி, சிறுகுடலின் தொடக்கமான டுவோடினத்தின் வளைவுக்குள் பொருந்தி இருக்கிறது. கல்லீரலிலிருந்து வரும் பித்தநீர்க் குழாயும் இந்தத் தலைப்பகுதி வழியாகவே குடலைச் சென்றடைகிறது.

கணையம் இரண்டு வேலைகளைச் செய்கிறது. புரதம், கொழுப்பு, மாவுப்பொருள் ஆகியவற்றைச் செரிக்கும் சாற்றை நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் அளவில் சுரக்கிறது. இரத்தத்தில் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலினையும் சுரக்கிறது. இன்சுலின் பிறக்கும் சிறு திட்டுகளை 1869-ஆம் ஆண்டில் தம் ஆய்வேட்டில் முதன்முதலாக விவரித்த பால் லாங்கர்ஹான்ஸ் அப்போது 21 வயது மாணவர் என்பதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம்!

உள்ளே ஆழத்தில் இருப்பதால் இதில் தோன்றும் புற்றுநோய் நெடுநாள் வெளியே தெரிவதில்லை. மஞ்சள் காமாலையோ, உடல் மெலிவோ, முதுகுவரை பரவும் வலியோ வந்து மருத்துவரிடம் போகும்போது, நூற்றில் 15 முதல் 20 பேருக்குத்தான் நோய் அறுத்து எடுக்கக்கூடிய நிலையில் இருக்கும். அமெரிக்கக் கணக்கின்படி, இந்நோய் கண்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 13 பேரே ஐந்து ஆண்டுகளைக் கடக்கிறார்கள். நோய் கண்டறியப்படும்போது பாதிப்பேர் ஏறத்தாழ 70 வயதைத் தாண்டியவர்கள். முழுமையாகக் குணமாக வாய்ப்புத் தரும் ஒரே வழி அறுவை சிகிச்சைதான். நாம் சொன்ன வெள்ளம் இதுதான்.

விப்பிள் அறுவை

கணையத்தின் தலையை மட்டும் தனியே கிள்ளி எடுக்க முடியாது. அதனோடு டுவோடினம், பித்தநீர்க் குழாயின் கீழ்ப்பகுதி, பித்தப்பை, பல நேரங்களில் இரைப்பையின் ஒரு பகுதி ஆகியவற்றையும் எடுக்கவேண்டும். பிறகு எஞ்சிய கணையம், பித்தநீர்க் குழாய், இரைப்பை மூன்றையும் குடலோடு இணைக்கவேண்டும். இந்த மூன்று இணைப்புகளில் முதலாவதுதான் மருத்துவரின் தூக்கத்தைக் கெடுப்பது. கணையக் குழாய் சில மில்லிமீட்டர் அகலமே உள்ளது. தையலில் சிறு கசிவு ஏற்பட்டாலும், உணவைச் செரிக்கவேண்டிய சாறு உடலின் சொந்தத் திசுக்களையே அரிக்கத் தொடங்கிவிடும்.

இத்தகைய அறுவையை 1909-இல் பெர்லின் நகரில் வால்ட்டர் கௌஷ் வெற்றிகரமாகச் செய்தார். 1935-இல் நியூயார்க்கில் ஆலன் விப்பிள் இதைச் செய்து அறிவித்தபின் அவர் பெயராலேயே இது வழங்கலாயிற்று. அந்நாளில் இதனை இரண்டு கட்டங்களாகச் செய்தார்கள். காரணம், காமாலை கண்டவர்களின் இரத்தம் எளிதில் உறைவதில்லை. உறைவதற்கு வைட்டமின் கே தேவை. அதைக் குடல் உறிஞ்சப் பித்தநீர் தேவை. பித்தநீரோ அடைபட்டுக் கிடக்கிறது. டென்மார்க்கின் ஹென்ரிக் டாம் கண்டுபிடித்த அந்த வைட்டமின் மருந்தாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகு, 1940-இல் விப்பிள் ஒரே கட்டத்தில் அறுவையை முடித்தார். தம் வாழ்நாளில் அவர் செய்தவை மொத்தம் 37.

ஆனால் அறுவைக்குப் பின் இறப்போர் தொகை குறையவில்லை. 1960-களில் நான்கில் ஒருவர், ஐந்தில் ஒருவர் என்ற அளவில் மரணங்கள் நேர்ந்தன. 1970-இல் கிளீவ்லண்டு நகரின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஜார்ஜ் கிரைல் (இளையவர்), இந்த நோய்க்கு இதைக் கைவிட்டு, காமாலையைத் தணிக்கும் மாற்றுவழி இணைப்பை மட்டும் செய்வதே மேல் என்று எழுதினார். அன்றைய எண்களை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது பிழையன்று.

பிறகு எண்கள் மாறின. பால்ட்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஜான் காமெரானும் குழுவினரும் அடுத்தடுத்து 145 பேருக்கு இந்த அறுவையைச் செய்து ஒருவரைக்கூட இழக்கவில்லை என்று 1993-இல் அறிவித்தார்கள். காமெரான் என்னும் ஒரே மருத்துவர் செய்த ஆயிரம் அறுவைகளின் கணக்கு 2006-இல் வெளிவந்தது. இறந்தோர் நூற்றுக்கு ஒருவர்.

வயது என்ன செய்கிறது?

அதே 2006-இல் அதே மருத்துவமனை, வயதை மட்டும் பிரித்துப் பார்த்த ஒரு கணக்கையும் வெளியிட்டது. 1970 முதல் 2005 வரை செய்த 2,698 விப்பிள் அறுவைகள் அதில் அடங்கும். கணையப் புற்றுக்கு மட்டுமன்றி, அண்டையில் தோன்றிய பிற கட்டிகளுக்காகச் செய்தவையும் இவற்றில் உண்டு.

80 வயதுக்குக் குறைந்தோர்: 2,491 பேர். சிக்கல் ஏற்பட்டது நூற்றுக்கு 41.6. இறப்பு நூற்றுக்கு 1.7.
80 முதல் 89 வயது வரை: 197 பேர். சிக்கல் நூற்றுக்கு 52.8. இறப்பு நூற்றுக்கு 4.1.
90 வயதும் அதற்கு மேலும்: 10 பேர். சிக்கல் 5 பேருக்கு. இறப்பு இல்லை.

மூன்றாவது வரியைப் பார்த்ததும் உங்களில் சிலர் சிரிக்கக்கூடும். தொண்ணூறு வயதுக்காரருக்கு அபாயமே இல்லையா? இதற்கு விடை காண ஒரு சிறு சோதனை செய்யுங்கள். 25 புளியங்கொட்டைகளை எடுத்து, ஒன்றை மட்டும் தரையில் தேய்த்து வெள்ளையாக்குங்கள். எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கி, பார்க்காமல் ஒன்றை எடுங்கள். நிறத்தைக் குறித்துக்கொண்டு திரும்பப் போட்டுவிடுங்கள். இப்படிப் பத்து முறை. வெள்ளைக் கொட்டை வரும் நிகழ்தகவு 25-இல் 1, அதாவது நூற்றுக்கு 4. பத்து முறையும் வெள்ளை வராமலே போக எவ்வளவு வாய்ப்பு? 24/25 என்னும் பின்னத்தைப் பத்து முறை பெருக்கிப் பாருங்கள்: 0.66 வரும். மூன்றுக்கு இரண்டு தடவை, பையில் வெள்ளைக் கொட்டை இருந்தும் உங்கள் கண்ணில் படவே படாது!

ஆகவே, பத்துப் பேரில் யாரும் இறக்கவில்லை என்பதால் அபாயம் பூச்சியம் என்று ஆகிவிடாது. புள்ளியியலார் இதற்கு ஓர் எளிய விதி வைத்திருக்கிறார்கள். ஒரு தொகுதியில் யாருக்கும் தீங்கு நேரவில்லை எனில், 3-ஐ அந்தத் தொகையால் வகுங்கள். உண்மையான அபாயம் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும். காமெரானின் 145 பேருக்கு இது 3/145, அதாவது நூற்றுக்கு 2. பத்துப் பேருக்கோ 3/10, அதாவது நூற்றுக்கு 30 வரை! இரண்டிடத்திலும் பூச்சியம்தான், ஆனால் ஒன்று கெட்டியான பூச்சியம், மற்றொன்று மெலிந்த பூச்சியம்.

இனி முதல் இரண்டு வரிகளுக்கு வருவோம். சிக்கல் ஏற்படுவது 41.6-இலிருந்து 52.8 ஆக, ஒன்றேகால் மடங்குதான் கூடியிருக்கிறது. இறப்போ 1.7-இலிருந்து 4.1 ஆக, இரண்டு மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது. இறந்தவர்கள் எல்லோருக்கும் முதலில் ஏதேனும் ஒரு சிக்கல் வந்திருக்கும் என்று கொண்டு வகுத்துப் பாருங்கள். இளையோரில் சிக்கல் வந்த நூறு பேரில் சுமார் 4 பேர் இறந்தார்கள். எண்பதைக் கடந்தோரில் சுமார் 8 பேர். தையல் கசிவதும், கிருமி புகுவதும் எந்த வயதிலும் நடக்கிறது. வந்த சிக்கலைத் தாங்குவதில்தான் வயது தன் முகத்தை அதிகம் காட்டுகிறது.

பாதுகாப்புக் காரணி

பளுதூக்கியின் இரும்புக் கயிறு ஒரு டன் சுமக்கவேண்டுமானால், ஐந்து டன் தாங்கும் கயிற்றைப் போடுவார் பொறியாளர். இந்த ஐந்து மடங்குக்குப் பாதுகாப்புக் காரணி என்று பெயர். கயிறு தேயத் தேய இது ஐந்திலிருந்து நான்காக, மூன்றாகக் குறையும். ஒரு டன்னையே தூக்கிக்கொண்டிருக்கும்வரை வேறுபாடு தெரியாது. எதிர்பாராத உதறல் ஒன்று வரும்போதுதான் தெரியும்.

நம் உடலும் அப்படியே. சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு கிலோ உடல் எடைக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லிலிட்டர் ஆக்சிஜன் போதும். பெரிய அறுவைக்குப் பிறகு காயம் ஆற்ற, கிருமிகளோடு போரிட, இத்தேவை ஏறத்தாழ ஒன்றரை மடங்காகி, நாள்கணக்கில் நீடிக்கும். இதயமும் நுரையீரலும் அதை ஈடுகட்ட வேண்டும். வயது ஏற ஏற அவற்றின் உச்சத் திறன் குறைந்துகொண்டே வருகிறது என்பது உண்மை. ஆனால் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் குறைவதில்லை.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 60 வயதைக் கடந்து பெரிய வயிற்று அறுவைக்கு வந்த 187 பேரை, அறுவைக்கு முன் நிலையான மிதிவண்டி ஒன்றை மிதிக்கச் செய்தார்கள். பளுவைச் சிறிது சிறிதாகக் கூட்டி, மூச்சில் போய்வரும் வாயுக்களை அளந்தார்கள். ஒரு கட்டத்தில் ஆக்சிஜன் போதாமல் தசைகள் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கத் தொடங்கும். அந்தக் கட்டம் கிலோவுக்கு 11 மில்லிலிட்டருக்குக் கீழேயே வந்துவிட்டவர்கள் 55 பேர். அறுவைக்குப் பின் அவர்களில் 10 பேர் இதய, இரத்தக்குழாய்க் கோளாறுகளால் இறந்தார்கள். அதற்கு மேல் தாக்குப்பிடித்தவர்கள் 132 பேர், அவ்வாறு இறந்தவர் ஒருவர்தான். 1993-இல் வெளிவந்த இக்கணக்கு கணைய அறுவைக்கென்று மட்டும் எடுத்ததன்று. ஆயினும், பிறந்த ஆண்டைவிட எஞ்சிய வலிமையே பேசுகிறது என்பதை இது தெளிவாகக் காட்டுகிறது.

மிதிவண்டி இல்லாத இடத்தில் கடிகாரம் போதும். நான்கு மீட்டர் தூரத்தை வழக்கமான நடையில் கடக்க ஐந்து விநாடிக்கு மேல் ஆகுமானால், வேகம் விநாடிக்கு 0.8 மீட்டருக்குக் குறைவு. தசை நலிவின் அடையாளங்களுள் ஒன்றாக இதை மருத்துவர்கள் கருதுகிறார்கள். கைப்பிடியின் வலிமை, அண்மையில் குறைந்த எடை, நினைவாற்றல் ஆகியவற்றையும் பார்க்கிறார்கள்.

எங்கே செய்கிறார்கள்?

இதுவரை பார்த்தது ஒரே மருத்துவமனையின் கணக்கு. அதுவும் மிகுந்த பழக்கம் உள்ள மருத்துவமனை. மற்ற இடங்களில்? அமெரிக்காவில் 65 வயதைக் கடந்தோருக்கான மெடிகேர் காப்பீட்டின் ஏடுகளை வைத்து ஜான் பர்க்மேயரும் துணைவர்களும் 2002-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கணைய அறுவையை ஆண்டுக்கு 16-க்கு மேல் செய்யும் மருத்துவமனைகளில் இறப்பு நூற்றுக்கு 3.8. ஆண்டுக்கு ஒன்றுகூடச் சராசரியாகச் செய்யாத இடங்களில் 16.3!

நெதர்லாந்து நாட்டில் 2004 முதல் 2009 வரை எடுத்த கணக்கு, பள்ளி ஆய்வகத்தில் நீங்கள் எழுதும் அட்டவணை போலவே ஒழுங்காக இறங்குகிறது. ஆண்டுக்கு 5-க்குக் குறைவாக விப்பிள் அறுவை செய்த இடங்களில் இறப்பு நூற்றுக்கு 14.7, 5 முதல் 10 வரை செய்த இடங்களில் 9.8, 11 முதல் 19 வரை, 6.3, 20-உம் அதற்கு மேலும், 3.3. அந்த ஆண்டுகளில் நோயாளிகளைப் பழக்கமுள்ள மருத்துவமனைகளுக்கு அனுப்பத் தொடங்கியதும், நாடு முழுவதற்குமான இறப்பு 9.8-இலிருந்து 5.1-ஆக இறங்கிற்று.

இப்போது இரண்டு வேறுபாடுகளையும் அருகருகே வையுங்கள். பழக்கமுள்ள ஒரே மருத்துவமனையில், எண்பதுக்குக் கீழும் மேலும் உள்ளவர்களுக்கிடையே வேறுபாடு நூற்றுக்கு 2.4. முதியோருக்குள்ளேயே, பழக்கமுள்ள இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் வேறுபாடு நூற்றுக்கு 12.5. இவை வெவ்வேறு ஆய்வுகளின் எண்கள். ஆதலால் அப்படியே கழித்துக் கூட்டக்கூடாது. இருந்தாலும் எந்தப் பக்கம் கனம் அதிகம் என்பது விளங்குகிறது.

கைத்திறன் மட்டும் இதற்குக் காரணம் அன்று. சிக்கல்கள் பெரிய மருத்துவமனையிலும் வருகின்றன. ஆனால் நள்ளிரவில் காய்ச்சல் ஏறும்போது அதன் பொருளை உணரும் செவிலியர், உடனே படமெடுத்துக் கசிவை வடிக்கும் நிபுணர், தீவிர சிகிச்சைப் பிரிவு எல்லாம் அங்கே விழித்திருக்கின்றன. கயிறு தேய்ந்தவருக்கு இந்த விழிப்பு மேலும் தேவை என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

எண்கள் சொல்லாதவை

இந்த எண்களை மருத்துவரிடம் எடுத்துப் போகுமுன் மூன்றைக் கவனியுங்கள்.

ஒன்று: 4.1 என்பது எண்பது வயதான எல்லோருக்கும் உரிய எண்ணன்று. தாங்குவார் என்று மருத்துவர்கள் தேர்ந்தெடுத்தவர்களுக்கு உரியது. நலிந்தவருக்கு அபாயம் கூடுதலாகவே இருக்கும்.

இரண்டு: எத்தனை நாள் வரை எண்ணினார்கள்? 2014-இல் வெளியான, 21,000-க்கும் மேற்பட்ட கணைய அறுவைகளை எண்ணிய ஓர் அமெரிக்கக் கணக்கில், 30 நாளுக்குள் இறப்பு நூற்றுக்கு 3.7, 90 நாள் வரை எண்ணினால் 7.4. கடிகாரத்தை எப்போது நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்து விடையே இருமடங்காகிறது!

மூன்று: அறுவையோடு சிகிச்சை முடிவதில்லை. அறுவைக்குப் பின் தரும் மருந்துகளே இந்நோயில் அண்மைக் காலத்தின் பெரிய முன்னேற்றம். பிரான்சும் கனடாவும் சேர்ந்து நடத்தி 2018-இல் வெளியிட்ட சோதனையில், நான்கு மருந்துகளை இணைத்துக் கொடுத்தவர்களில் பாதிப்பேர் 54 மாதங்களைக் கடந்து வாழ்ந்தார்கள். பழைய ஒற்றை மருந்து பெற்றவர்களில் பாதிப்பேர் கடந்தது 35 மாதம். ஆனால் அதில் 79 வயது வரை உள்ளவர்களையே சேர்த்தார்கள். மேலும், அறுவையால் தளர்ந்துபோன முதியவர் பலருக்கு இந்த மருந்துகளைத் தாங்க இயலாமல் போகிறது. அறுவையில் பிழைப்பது வேறு. அதன் பலனை முழுதும் பெறுவது வேறு. மீண்டும் தம் கையால் உண்டு, தம் காலால் நடந்து, தம் வீட்டில் இருக்க முடியுமா என்பதும் ஒரு விளைவுதான். சிலருக்கு அதுவே முதல் விளைவு.

ஆகவே, இத்தகைய முடிவை எடுக்கவேண்டிய வீட்டில் கேட்கவேண்டிய கேள்வி "வயது என்ன?" என்ற ஒன்றோடு நின்றுவிடக்கூடாது. இவருடைய உடலில் எஞ்சிய வலிமை எவ்வளவு, அதை அளந்தார்களா? இந்த மருத்துவமனையில் ஆண்டுக்கு இத்தகைய அறுவை எத்தனை? 90 நாள் கணக்கு என்ன? அறுவைக்குப் பின் மருந்து தாங்குவாரா? அறுவை வேண்டாம் என்றால், வலியும் காமாலையும் தணிய என்ன செய்வார்கள்? இவை எல்லாவற்றுக்கும் மேலாக, நோயுற்ற பெரியவர் எதை விரும்புகிறார்? அந்தக் கடைசிக் கேள்விக்கு எந்த அட்டவணையிலும் விடை இல்லை. அவரிடமே உட்கார்ந்து கேட்கவேண்டும்.

புளியங்கொட்டைச் சோதனையை இன்று மாலையே செய்து பாருங்கள். பத்து பத்தாக இருபது தடவை எடுத்து, எத்தனை தடவை வெள்ளைக் கொட்டை வராமல் போயிற்று என்று எழுதி வையுங்கள். வீட்டில் பெரியவர்கள் என்ன விளையாட்டு என்று கேட்டால் விளக்கிச் சொல்லுங்கள். சரியான கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவராவது இருக்கவேண்டும். உங்கள் வீட்டில் அது நீங்களாக இருக்கலாமே!